கறுப்பின மாதரின் புஸ்தகசாலை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நியூயார்க் மாநகரைச் சேர்ந்த புரூக்ளின் பகுதியில், கறுப்பின மாதர் இயற்றிய நூல்களுக்கென்றே ஒரு புஸ்தகசாலை 2015-ம் வருஷத்தில் ஏற்பட்டது. ஸ்ரீமதி ஓலாரோங்கே அகின்மோவோ என்னும் கலைஞர் 100 புஸ்தகங்களைச் சேகரித்துக்கொண்டு இதனைத் தொடங்கினார். அப்பொழுது அதற்குச் சொந்தமான இடம் கிடையாது. வீட்டு வாசற்படியிலும் பொது இடங்களிலும் புஸ்தகங்களைப் பரப்பி வைப்பார்கள். வேண்டியவர்கள் வந்து பார்ப்பார்கள். ஏற்படுத்திய நிபந்தனை ஒன்றே. கறுப்பின மாது ஒருவர் எழுதிய புஸ்தகத்தைக் கொண்டுவந்து கொடுப்பவர், அங்குள்ள புஸ்தகங்களில் தமக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம். இந்தப் பண்டமாற்றினாலும் ஜனங்களின் நன்கொடையினாலும் 100 புஸ்தகங்கள் சில ஆயிரங்களாகப் பெருகின. 2022-ம் வருஷத்தில் பெட்ஃபோர்ட்-ஸ்டைவெசன்ட் வட்டாரத்தில் உட்கார்ந்து படிப்பதற்கு ஒரு வாசகசாலையும் ஏற்பட்டது.

இம்முயற்சியைக் கேள்வியுற்றவுடன் சிலர் ஓர் ஆட்சேபத்தைக் கிளப்புவார்கள் என்பதை நாம் அறிவோம். கல்விக்கு நிறமேது, ஆண் பெண் என்ற பேதமேது, நல்ல நூலை யார் எழுதினாலென்ன, ஓர் இனத்து மாதரின் நூல்களை மாத்திரம் பிரித்து வைப்பது குறுகிய நோக்கமல்லவா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுபோலத் தோன்றுகிறது. ஆனால் வழக்கின் பூர்வோத்தரம் தெரியாமல் தீர்ப்புச் சொல்வது எந்த நியாயஸ்தலத்திலும் வழக்கமில்லை. ஆகையால் அந்தப் பூர்வோத்தரத்தைச் சற்று விஸ்தரிக்க விரும்புகிறோம்.

பிலிஸ் வீட்லி என்பவள் சிறு குழந்தையாக ஆப்பிரிக்காவில் பிடிக்கப்பட்டு, 1761-ம் வருஷத்தில் பாஸ்டன் துறைமுகத்தில் அடிமையாக விற்கப்பட்டாள். சில வருஷங்களுக்குள் ஆங்கிலம் கற்றுக் கவி பாடத் தொடங்கினாள். பாஸ்டனில் அவளுடைய பாடல்களை அச்சிடச் செய்த பிரயத்தனம் பலிக்கவில்லை. 1773-ம் வருஷத்தில் லண்டனில்தான் புஸ்தகம் வெளியாயிற்று. அந்தப் புஸ்தகத்தின் முகப்பில், இப்பாடல்களை இவளே எழுதினாள் என்று பாஸ்டன் பிரமுகர்கள் 18 பேர் கையொப்பமிட்ட அத்தாட்சிப் பத்திரம் ஒன்று காணப்படுகிறது. மாகாண கவர்னரும் அதில் கையொப்பமிட்டிருக்கிறார். தஸ்தாவேஜுகளுக்குச் சாட்சிக் கையெழுத்து வாங்குவது நமது தொழிலில் அன்றாடம் நடப்பதுதான். ஆனால் ஒரு கவிதை நூலுக்கு 18 சாட்சிகள் தேவைப்பட்டதாக நாம் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. இத்தனை சாட்சிகளைப் பெற்றும் என்ன பயன்? அவள் இரண்டாவதாக வெளியிட எண்ணிய நூலுக்குப் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. 1784-ம் வருஷத்தில் அவள் வறுமையில் இறந்தாள். அந்தக் கையெழுத்துப் பிரதி காணாமற் போயிற்று.

இது ஏதோ பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. ஹாரியட் வில்ஸன் என்ற மாது 1859-ம் வருஷத்தில் பாஸ்டனில் அச்சிட்ட நாவலைப் பல தலைமுறைகள் அறவே மறந்திருந்தன. 1983-ம் வருஷத்தில்தான் அது மீண்டும் அச்சேறியது. ஹாரியட் ஜேகப்ஸ், தாம் அடிமையாயிருந்து பட்ட துன்பங்களை 1861-ம் வருஷத்தில் புனைபெயரில் வெளியிட்டார். அதை வெள்ளையர் யாரோ எழுதிய கற்பனை என்றே வெகுகாலம் வரையில் பண்டிதர்களில் பலர் நினைத்திருந்தார்கள். அவர் கைப்பட எழுதிய கடிதங்களை வைத்து ஆராய்ச்சி செய்து, அது அவருடைய சொந்தச் சரித்திரமே என்று ருசுப்படுத்தியது நூறு வருஷங்களுக்கு மேல் கழிந்த பிறகுதான்.

ஸோரா நீல் ஹர்ஸ்டனின் கதை இன்னும் மனதை உறுத்துவது. அவர் நாவலாசிரியர், தெற்கு மாகாணங்களில் கறுப்பு ஜனங்களிடையே வழங்கிய கதைகளையும் பாட்டுகளையும் ஊர் ஊராகச் சென்று சேகரித்தவர். 1937-ம் வருஷத்தில் வெளியான அவருடைய பிரதான நாவல் வெகு சீக்கிரத்தில் கடைகளிலிருந்து மறைந்துபோயிற்று. அடிமைக் கப்பலில் வந்து சேர்ந்து 1930-ஐ ஒட்டிய வருஷங்களிலும் உயிரோடிருந்த ஒரு கிழவரின் வாய்மொழியை, அவர் பேசிய கொச்சையிலேயே எழுதி வைத்தார். பேச்சை மாற்றிக் கொடுத்தால் அச்சிடுகிறோம் என்றார்கள், அம்மையார் இசையவில்லை. அந்த நூல் 2018-ம் வருஷத்தில், ஆசிரியை இறந்து 58 வருஷங்களுக்குப் பிறகு வெளிவந்தது. இத்தகையவர் தமது ஐம்பத்தொன்பதாம் பிராயத்தில் ஃபுளோரிடாவில் வீட்டு வேலை செய்து பிழைத்தார். 1960-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் தர்ம விடுதியொன்றில் காலமானார். அடக்கச் செலவுக்கு நாலு பேர் பணம் சேர்க்க வேண்டியிருந்தது. அவர் விட்டுச்சென்ற காகிதங்களைக் குப்பையென்று கருதிக் கொளுத்திவிட்டார்கள். அவரை அறிந்த போலீஸ் உத்தியோகஸ்தர் ஒருவர் தற்செயலாக அவ்வழியே சென்றவர், தீயை அணைத்து எஞ்சியதைக் காப்பாற்றினார். ஓரம் கருகிய அந்த ஏடுகள் ஃபுளோரிடா சர்வகலாசாலையில் இருக்கின்றன. ஏட்டுச் சுவடிகள் செல்லுக்கும் அடுப்புக்கும் இரையான வரலாற்றை அறிந்த தமிழர்களுக்கு இதைப் படிக்கையில் நெஞ்சு பதறாமலிராது.

அவருடைய சமாதிக்கு ஒரு கல்கூட இல்லை. 1973-ம் வருஷத்தில் ஆலிஸ் வாக்கர் என்ற எழுத்தாளர், புல் மண்டிக் கிடந்த இடுகாட்டில் தேடி, உத்தேசமாக ஓரிடத்தைக் குறித்துக் கல் நாட்டினார். அவரும் கறுப்பின மாதே. இரண்டு வருஷங்கழித்து அதைப்பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார். 1978-ல் அந்த நாவலை இல்லினாய் சர்வகலாசாலை மறுபடியும் அச்சிட்டது. பிறகு அது கலாசாலைகள்தோறும் பாடபுஸ்தகமாயிற்று. 1937-ல் இருந்த நாவல்தான் 1978-லும் இருந்தது; ஓரெழுத்தும் மாறவில்லை. இடையில் அதை வைத்துக் காப்பாற்றி, ‘இதைப் படி’ என்று பிறர் கையில் கொடுப்பார்தான் மிகச் சிலராயிருந்தனர். சட்டியிலிருந்தால்தானே அகப்பையில் வரும்?

பொதுப் புஸ்தகசாலைகள் இருக்கின்றனவே, அவை இந்த வேலையைச் செய்யலாகாதா என்றால், அந்தப் புஸ்தகசாலைகளின் சரித்திரத்தையும் கவனிக்க வேண்டும். தென் கரோலினாவில் அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பது 1740-ம் வருஷத்திலேயே சட்டப்படி குற்றமாக்கப்பட்டது. அதே ராஜ்யத்தில் கிரீன்வில் நகரில், 1960-ம் வருஷம் ஜூலை மாதத்தில் கறுப்பின மாணவ மாணவிகள் எட்டுப் பேர் வெள்ளையருக்கென்று ஒதுக்கப்பட்ட புஸ்தகசாலைக்குள் சென்று படிக்க உட்கார்ந்தார்கள். அந்தக் குற்றத்துக்காகக் கைதுசெய்யப்பட்டார்கள். வியாஜ்யம் தொடங்கியதும் நகர அதிகாரிகள் செய்ததைக் கேளுங்கள்: வெள்ளையருக்கிருந்த புஸ்தகசாலை, கறுப்பருக்கிருந்த சிறு கிளை ஆகிய இரண்டையுமே மூடிவிட்டார்கள்! பிறர் படிப்பதைக் காட்டிலும் தாங்களும் படிக்காமலிருப்பது மேல் என்று ஒரு நகரம் தீர்மானித்தது. ஜனங்களின் கண்டனத்தைத் தாங்கமாட்டாமல், அவ்வருஷம் செப்டம்பர் மாதத்தில் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்தார்கள். கதவு திறந்தது மெய். ஆனால் அலமாரியில் எந்தப் புஸ்தகத்தை வைப்பதென்பது வேறு விஷயம். அதற்குச் சட்டம் கிடையாது. 1993-ம் வருஷத்தில் நோபல் பரிசு பெற்ற டோனி மாரிஸன் அம்மையாரின் முதல் நாவலைக்கூடப் பள்ளிக்கூடப் புஸ்தகசாலைகளிலிருந்து அகற்ற வேண்டுமென்று அந்நாட்டில் ஓயாமல் மனுக்கள் வந்திருக்கின்றன. நோபல் பரிசு பெற்றவருக்கே இந்தக் கதியென்றால், ஆயிரம் பிரதி மாத்திரம் அச்சான ஒரு கவிதை நூலை யார் கவனிக்கப் போகிறார்கள்?

ஆகையால், புரூக்ளின் புஸ்தகசாலை பிரித்து வைக்கிறதென்று குறை கூறுவது பொருந்தாது. பிரித்து வைத்தவர்கள் வேறு. இது, பிரித்துத் தள்ளப்பட்டவற்றைப் பொறுக்கி எடுத்து ஓரிடத்தில் சேர்க்கிறது. கொண்டுவருகிற புஸ்தகத்தைப் பற்றித்தான் நிபந்தனை. கொண்டுவருகிறவரின் நிறத்தைப் பற்றியோ பாலைப் பற்றியோ அல்ல.

அந்த நிபந்தனையில் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. சாதாரணப் புஸ்தகசாலையில் வாசகர் வெறுங்கையோடு வந்து, படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். இங்கு வருகிறவர், வருவதற்கு முன்பே கறுப்பின மாது ஒருவரின் நூலைத் தேடிப் பிடித்தாக வேண்டும். தம் வீட்டு அலமாரியில் அப்படி ஒன்றுகூட இல்லையென்பதை அநேகர் அப்போதுதான் உணர்வார்கள். பழைய புஸ்தகக் கடைக்குப் போய்க் கேட்பார்கள். கடைக்காரரும் கேட்கிறார்களென்று வாங்கி வைப்பார். கேட்பாரில்லையென்று பிரசுரகர்த்தர்கள் சொல்லி வந்த சமாதானத்துக்கு இதைவிட நல்ல பதில் வேறில்லை.

ஆயினும், இந்தப் பண்டமாற்றில் ஓர் அபாயமும் உண்டென்பதை நாம் மறைப்பதற்கில்லை. எங்கும் விற்கும் புதுப் பதிப்பொன்றைக் கொடுத்துவிட்டு, இனி அச்சில் கிடைக்காத பழம் பிரதியொன்றை ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டால், கணக்கில் புஸ்தகம் குறையாது, சரக்கு குறைந்துபோகும். பத்து வருஷங்களில் அலமாரி முழுவதும் பிரசித்தமான நாலைந்து பெயர்களே நிரம்பி நிற்கக்கூடும். அரிய பிரதிகளுக்கென்று ஓர் அலமாரியை ஒதுக்கி, மாற்றிக்கொடுக்காமல், அங்கேயே உட்கார்ந்து படிக்கும்படி வைப்பது அவசியமென்று நமக்குத் தோன்றுகிறது. நிலையான வாசகசாலை ஏற்பட்டபின் அதற்கு இடையூறில்லை. இத்தகைய புஸ்தகசாலையை வேறு ஊர்களில் தொடங்க விரும்புகிறவர்களும், முதல் நாளிலேயே அந்த அலமாரிக்கு ஒரு பூட்டும், அதிலுள்ள புஸ்தகங்களுக்கு ஒரு ஜாபிதாவும் தயார் செய்துகொள்வார்களாக.