இலவச யூனிட்டோடு ஒரு மின்விசிறியும் தேவை

தேனி மாவட்டச் சின்னமனூரில் மே மாத இரவில், தகரக் கூரை வீட்டுக்குள் மின்விசிறி நின்றால் குழந்தை வீறிட்டு அழும். அதனால் கருகிப்போன விசிறியையும் யாரும் வீசுவதில்லை. காயில் கட்டி, மறுநாளே மாட்டிவிடுகிறார்கள். திராட்சைத் தோட்டக் கூலியில் ஓடும் குடும்பத்துக்குப் குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய பிஎல்டிசி விசிறிக்கான 2,500, 3,000 ரூபாய் பெரிய தொகை.

பழைய விசிறி 75 வாட் இழுக்கிறது. பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் போதும். தினமும் 12 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 யூனிட் மிச்சம். இந்த மிச்சம் யாருக்குப் போகிறது என்பதுதான் நம் கேள்வி. தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்குள் அடங்கும் வீட்டுக்கு விசிறியை மாற்றினாலும் ஒரு காசு குறையாது. அந்த யூனிட்டுகளுக்கு மின்வாரியத்துக்குப் பணம் கட்டுவது அரசு. 2024 ஜூலைக் கட்டணமான 4 ரூபாய் 80 காசில் கணக்கிட்டால், ஒரு விசிறிக்கு ஆண்டுக்கு 950 ரூபாய் மிச்சமாவது அரசுக்குத்தான். மூன்றே ஆண்டில் விசிறியின் விலை திரும்பிவிடும். ஆதாயம் அரசுக்கு என்றால், செலவையும் அரசே ஏற்பதுதான் நியாயம்.

100 யூனிட் சலுகையில் கை வைக்கச் சொல்லவில்லை. அது ஏழை வீட்டின் வெளிச்சம். அதோடு விசிறியையும் கொடுங்கள் என்கிறோம்.

மொத்தக் கொள்முதலில் விலையும் இறங்கும். உஜாலா திட்டத்துக்காக மத்திய அரசின் இஇஎஸ்எல் நிறுவனம் கோடிக்கணக்கில் வாங்கியபோது, 2014இல் 310 ரூபாயாக இருந்த எல்இடி பல்பின் கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு வந்தது. விசிறி அந்த அளவுக்கு இறங்காமல் போகலாம். பாதி வழி இறங்கினாலே கணக்கு இன்னும் லாபம்.

இரண்டு கண்டிப்புகள் வேண்டும். பழைய விசிறியை ஒப்படைத்தால்தான் புதியது. இல்லையேல் பழையது அடுத்த அறையில் ஓடும், மின்சாரம் மிஞ்சாது. இரண்டாவது, இரு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு மட்டும். ஏசி மாட்டியவர் தன் காசிலேயே வாங்கிக்கொள்வார். அவருக்குக் கொடுக்கும் மானியம் வீண்.

2011இல் விலையில்லா மிக்சி, கிரைண்டரோடு மின்விசிறியும் குடும்ப அட்டைதாரர்களுக்குக் கொடுத்த மாநிலம் இது. செய்முறை புதிதல்ல. லோயர்கேம்பில் பெரியாற்றுத் தண்ணீர் மின்சாரமாகும் இந்தத் தேனி மாவட்டத்திலேயே, அடுத்த கோடைக்கு முன் அரசு இதைத் தொடங்க வேண்டும்.