மனோதத்துவமும் குற்றவியலும்: கோர்ட்டு கேட்கிறது, சர்க்கார் வேலை தருகிறதா?

பிளஸ்-2 தேர்வு முடிவு வந்ததும் பெங்களூர் வாழ் தமிழர் வீடுகளில் இப்போது ஒரு புதிய பேச்சு கேட்கிறது. "மனோதத்துவமும் குற்றவியலும் சேர்த்துப் படிக்கப்போகிறேன்" என்கிறார்கள் பிள்ளைகள்.

மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் தகப்பனாருக்கு இது புரிவதில்லை. "இதைப் படித்தால் போலீஸ் வேலையா, ஆஸ்பத்திரி வேலையா?" என்று கேட்கிறார். கேள்வி நியாயமானதுதான். கல்லூரிச் சம்பளம் கட்டப்போகிறவர் அவர் அல்லவா?

என்ன படிப்பு?

மனிதன் எப்படி நினைக்கிறான், எதை ஞாபகம் வைக்கிறான், ஏன் நிதானம் இழக்கிறான் என்று ஆராய்வது மனோதத்துவம். குற்றங்கள் எங்கே, எதனால் பெருகுகின்றன, போலீசும் கோர்ட்டும் ஜெயிலும் எப்படி நடக்கின்றன, தண்டனை ஒருவனைத் திருத்துகிறதா என்று ஆராய்வது குற்றவியல்.

கர்நாடகத்தில் சில கல்லூரிகளில் பி.ஏ. வகுப்பிலேயே இரண்டையும் சேர்த்து எடுக்கலாம். தார்வாடில் உள்ள கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்குத் தனித் துறை இருக்கிறது. தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும், நெல்லை மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் உண்டு.

கோர்ட்டு சொன்னது

இந்தப் படிப்பின் தேவையை உணர்த்தியவை சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்புகள்.

கைதிக்கு மருந்து ஊசி போட்டு உண்மையை வரவழைக்கும் 'நார்கோ' சோதனை ஒரு காலத்தில் பெங்களூரில் பரபரப்பாக நடந்தது. முத்திரைத்தாள் மோசடி வழக்கில் சிக்கிய தெல்கிக்கும் இங்கேதான் அந்தச் சோதனை செய்தார்கள். 2010-ம் ஆண்டு மே 5-ந் தேதி, 'செல்வி எதிர் கர்நாடக அரசு' வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அதற்குக் கடிவாளம் போட்டது. நார்கோ, பொய் கண்டறியும் கருவி, மூளைப் பதிவு ஆகிய மூன்று சோதனைகளையும் சம்மதம் இல்லாமல் யார் மீதும் நடத்தக்கூடாது என்று தீர்ப்பு அளித்தது.

2022-ம் ஆண்டு மே மாதம் இன்னொரு முக்கிய தீர்ப்பு வந்தது. மரண தண்டனைக்கு இடம் உள்ள வழக்குகளில், குற்றவாளியின் மனநிலை பற்றிய மதிப்பீட்டையும் கோர்ட்டின் முன் வைக்கவேண்டும் என்று அது கூறியது.

அதே ஆண்டு ஜூலையில் சிறுவர்கள் பற்றிய தீர்ப்பு வந்தது. 16 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர் கொடிய குற்றத்தில் சிக்கினால், அவரைப் பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று சிறுவர் நீதி வாரியம் முதலில் மதிப்பிட வேண்டும். இது 2015-ம் ஆண்டுச் சட்டம். குழந்தை மனோதத்துவம் அல்லது மனநல மருத்துவம் படித்தவர் வாரியத்தில் இல்லாவிட்டால், நிபுணரின் உதவியைக் கட்டாயம் பெறவேண்டும் என்றது கோர்ட்டு.

ஒரு சிறுவனின் வாழ்வும், ஒரு கைதியின் உயிரும் இந்த அறிக்கைகளைப் பொறுத்து இருக்கின்றன.

ஆனால் ஆள் எங்கே?

2022-ம் ஆண்டு முடிவில் நாட்டின் ஜெயில்களில் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் நாலில் மூன்று பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். 500 கைதிகளுக்கு ஒரு மனோதத்துவ ஆலோசகர் வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டின் மாதிரிச் சிறை விதி. அந்தக் கணக்குப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தேவை. 2025-ம் ஆண்டின் 'இந்திய நீதி அறிக்கை' நாடு முழுவதிலும் உள்ள ஜெயில்களில் கண்டது வெறும் 25 பேரைத்தான்!

தேவை ஏட்டில் இருக்கிறது. உத்தியோகம் இல்லை. பெற்றோர் இந்த வேறுபாட்டை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

சேரும் முன் கவனிக்க வேண்டியவை

வெறும் பி.ஏ. பட்டத்தோடு 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று பலகை மாட்ட முடியாது. இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த பயிற்சிப் படிப்பை முடித்து, அதன் பதிவேட்டில் பெயர் ஏறவேண்டும். நமது ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் அத்தகைய பயிற்சிக்குப் பெயர்பெற்ற இடம். இங்கெல்லாம் இடம் கிடைக்க மனோதத்துவம் முழுமையான பாடமாக இருப்பது அவசியம். அது துணைப்பாடம் மட்டும்தான் என்றால், அந்த வழி பின்னால் அடைபட்டுப் போகலாம்.

குற்றவியல் வேறு, தடய அறிவியல் வேறு. 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டப்படி, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் நேரில் சென்று தடயம் சேகரிக்க வேண்டும். ஆனால் சோதனைக்கூட வேலைகளுக்குப் பெரும்பாலும் விஞ்ஞானப் பட்டம் கேட்பார்கள். பி.ஏ. படித்தவர் அதை நம்பி இருக்கக்கூடாது.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் ஆலோசகர் வேலைகள் உண்டு. அவை பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள். பட்டத்துக்குப் பின் மூன்று ஆண்டு சட்டப் படிப்போ, சமூகப்பணியில் மேற்படிப்போ சேர்த்துக்கொண்டால் வாய்ப்பு பெருகும்.

நம் பிள்ளைகளின் பலம்

மனதை ஆராய்கிறவர் கைதியின் தாய்மொழியில் பேசினால்தான் உண்மை விளங்கும். பிழைக்க வந்த ஊரில், பாஷை தெரியாமல் வழக்கில் மாட்டிக்கொண்டவரின் நிலையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்த வேலையில் தனி மதிப்பு உண்டு.

ஆகவே பிள்ளையின் ஆசையைத் தடுக்க வேண்டாம். ஐந்தாறு ஆண்டு படிக்கவைக்கும் வசதி உண்டா என்று மட்டும் முன்கூட்டியே கணக்குப் பாருங்கள். சர்க்காரும் தன் கணக்கைப் பார்க்கவேண்டும். விதியில் எழுதிய இடங்களை ஜெயிலிலும் வாரியத்திலும் நிரப்பாவிட்டால், கோர்ட்டு தந்த உரிமை தீர்ப்புக் காகிதத்தோடு நின்றுவிடும்.