ஒரு பருவத்து வீரர்

உதைபந்தாட்டம் பற்றிப் பேசுவோர் வாயில் அடிக்கடி வருஞ் சொல் ஒன்றுண்டு. "அவனா? அவன் ஒரு பருவத்து ஆட்டக்காரன்" என்பதே அது. சொல்பவர் சிறிது இகழ்ச்சி கலந்த புன்முறுவலோடு சொல்வர், கேட்பவரும் தலையசைப்பர். ஓராண்டு முழுவதும் பல்லாயிரம் மக்களை ஆரவாரிக்கச் செய்த ஒருவனின் கணக்கு அவ்வளவில் முடிக்கப்பட்டுவிடும். இத்தீர்ப்பு நேரியதுதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விழா மலரொன்றில் வெற்றிகளையும் கிண்ணங்களையும் போற்றுவதன்றோ முறை, ஒருமுறை ஒளிவீசி மறைந்தோரைப் பற்றிய பேச்சு இங்கு எதற்கு என அன்பர் சிலர் வினவலாம். அவ்வினாவுக்கான விடையை இறுதியிற் கூறுவேன்.

முதலில் ஒரு வரலாற்றைப் பார்ப்போம். 1990ஆம் ஆண்டின் உலகக் கிண்ணப் போட்டி இத்தாலி நாட்டில் நடைபெற்றது. யூன் 9ஆந் திகதி உரோமாபுரியில் இத்தாலிய அணி ஒஸ்திரிய அணியை எதிர்த்தாடியது. எழுபத்தைந்து நிமிடங்கள் கழிந்தும் கோல் விழவில்லை. அப்பொழுது பயிற்றுநர் விச்சினி, முன்வரிசையாளர் ஒருவரை வெளியே அழைத்து, அவருக்குப் பதிலாகச் சிசிலித் தீவினரான சல்வத்தோரே ஸ்கிலாச்சியை உள்ளே அனுப்பினார். அதற்கு முன் தம் நாட்டுக்காக ஒரேயோர் ஆட்டத்தில் மட்டும் ஆடியவர் அவர். களம் புகுந்த சில நிமிடங்களுள், வியல்லி உயர்த்தியனுப்பிய பந்தைத் தலையால் மோதி வலைக்குட் செலுத்தினார். இத்தாலி வென்றது. அதன்பின் செக்கோசிலோவாக்கியா, உருகுவே, அயர்லாந்து, ஆர்ஜன்ரீனா, இங்கிலாந்து ஆகிய அணிகளுக்கெதிராகவும் ஆட்டத்துக்கு ஒவ்வொரு கோலாகப் போட்டார். மொத்தம் ஆறு. அப்போட்டியில் மிகுதியான கோல் போட்டவருக்குரிய பரிசும், சிறந்த ஆட்டக்காரருக்குரிய பரிசும் அவர் ஒருவருக்கே கிடைத்தன. கோல் விழுந்தவுடன் அகல விரிந்த அவர் கண்களை அன்று தொலைக்காட்சியிற் கண்டவர் இன்றும் மறந்திலர்.

பிறகு நிகழ்ந்தது யாது? 1989-90 பருவத்தில் யுவெந்துஸ் கழகத்துக்காக லீக் ஆட்டங்களில் 15 கோல்கள் போட்டவர், அடுத்த பருவத்தில் ஐந்து மட்டுமே போட்டார். தம் நாட்டுக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் வாழ்நாள் முழுவதிலும் 16. போட்ட கோல்கள் 7. அவற்றுள் ஆறு அந்த ஒரு கோடைக்கே உரியன. ஆகவே, "ஒரு பருவத்து வீரர்" என்பதற்கு அவரையே எடுத்துக்காட்டாகக் கூறுவோர் பலர்.

ஆயினும், அக்கோடைக்கு முன்னிருந்த ஆண்டுகளை எவரும் எண்ணுவதில்லை. ஸ்கிலாச்சி 1982 முதல் 1989 வரை ஏழாண்டு காலம் மெசினா என்னுஞ் சிறிய கழகத்தில், கீழ்ப்பிரிவுகளிலே ஆடியவர். 1988-89 பருவத்தில் இரண்டாம் பிரிவில் 23 கோல்கள் போட்டு முதலிடம் பெற்ற பின்னரே பெருங்கழகத்தின் கண் அவர்மீது பட்டது. மக்கள் கண்டது ஒரு பருவத்தை; அவர் உழைத்தது எட்டுப் பருவங்களில். பின்னர் 1994இல் யப்பான் சென்று, அந்நாட்டு லீக்கில் ஆடிய முதல் இத்தாலியராகி, அங்கும் கோல் மழை பொழிந்தார். ஓய்வுபெற்றபின் தம் சொந்த நகராகிய பலேர்மோவில் இளஞ்சிறார்க்கு உதைபந்தாட்டம் பயிற்றினார். 2024 செப்டெம்பர் 18ஆந் திகதி, தமது 59ஆம் வயதில், அந்நகரிலேயே காலமானார். அவ்வார ஆட்டங்களுக்கு முன் இத்தாலிய மைதானங்களில் ஒரு நிமிட மௌனம் அனுட்டிக்கப்பட்டது. ஒரு கோடையை ஒரு நாடு முப்பத்துநான்கு ஆண்டுகள் நெஞ்சில் வைத்திருந்தது என்றால், அக்கோடையைச் சிறிதென்பது எங்ஙனம்?

இன்னொருவர் இரசியராகிய ஒலேக் சலெங்கோ. 1994 யூன் 28ஆந் திகதி கலிபோர்னியாவில் கமரூனுக்கு எதிரான உலகக் கிண்ண ஆட்டத்தில் அவர் தனியொருவராக ஐந்து கோல்கள் போட்டார். உலகக் கிண்ண ஆட்டம் ஒன்றில் ஒருவர் ஐந்து கோல்கள் போட்டது அதுவே முதன்முறை. முன்னர் சுவீடனுக்கு எதிராகத் தண்ட உதையாற் பெற்ற ஒன்றையுஞ் சேர்க்க ஆறாயிற்று. பல்கேரியரான ஸ்தொய்ச்கோவுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். இரசிய அணியோ முதற் சுற்றுடன் வெளியேறியது. பயிற்றுநர் மாறினார். சலெங்கோ அதன்பின் தம் நாட்டுக்காக ஓர் ஆட்டமேனும் ஆடவில்லை. முழங்காற் காயங்கள் சில ஆண்டுகளில் அவரைக் களத்தினின்றும் அகற்றின. அதே ஆட்டத்தில் கமரூனின் ஒரே கோலைப் போட்டவர் றொஜே மில்லா, வயது நாற்பத்திரண்டு. நெடுங்காலம் நின்றவரும் ஒருநாள் மின்னியவரும் ஒரே புற்றரையில் ஒரே நாளில் ஆடினர். இருவரும் போட்ட கோல்களை வலை வேறுபடுத்திப் பார்க்கவில்லை.

மூன்றாமவர் மிச்சு என அழைக்கப்படும் ஸ்பானியர். 2012இல் வேல்ஸ் நாட்டுச் சுவான்சி கழகம் ஏறத்தாழ இருபது இலட்சம் பவுண் கொடுத்து அவரைப் பெற்றது. அக்காலத்து விலைகளை நோக்க அஃது அற்பத் தொகை. முதல் லீக் ஆட்டத்திலேயே இரண்டு கோல்கள் போட்டார். பருவ முடிவில் லீக்கில் மட்டும் 18. 2013 பெப்ரவரியில் லீக் கிண்ண இறுதியாட்டத்தில் பிராட்போட் அணியை 5-0 எனச் சுவான்சி வென்றபோது அவற்றுள் ஒன்று அவருடையது. அவ்வாண்டே தம் நாட்டுக்காகவும் ஒருமுறை ஆடினார். அடுத்த பருவத்தில் கணுக்கால் நோகத் தொடங்கியது. பின்னர் அந்தக் கால் முன்போல் ஆகவேயில்லை. 2017இல், முப்பத்தொரு வயதில், ஓய்வை அறிவித்தார்.

இவர்கள் வீழ்ச்சிக்குக் காரணம் சோம்பலா, செருக்கா? எளிதில் நம் நாவில் வரும் காரணங்கள் இவ்விரண்டே. ஆனால் ஆட்டத்தை உள்ளபடி அறிந்தவர் வேறு நான்கு காரணங்களைக் காண்பர்.

முதலாவது, எதிரிகள் கற்றுக்கொள்கின்றனர். புதிதாக வந்தவன் எக்காலால் உதைப்பான், எப்பக்கம் திரும்புவான், பந்தின்றி எங்கே ஓடுவான் என்பதை முதலாண்டில் எவரும் அறியார். இரண்டாம் ஆண்டில் பின்வரிசையினர் அனைவரும் அறிவர். அவனுக்கு வேண்டிய ஓரடி இடைவெளியைக் கொடார். இரண்டாவது, உடல். எழுபது எண்பது கிலோ எடையுள்ள ஒருவன் முழுவேகத்தில் ஓடித் திடீரெனத் திரும்பும்பொழுது அப்பாரம் முழுவதையும் ஏற்பது ஒரு முழங்கால். அதனுள்ளிருக்கும் ஒரு நார் அறுந்தால், மருத்துவர் அதனைத் தைத்து இணைக்கலாம். அஞ்சாது திரும்பும் அந்தப் பழைய துணிவை இணைத்தல் அரிது. மூன்றாவது, துணை. பந்தைக் கடத்தித் தருபவன் வேறு கழகத்துக்குச் சென்றால், நம்பிக்கை வைத்த பயிற்றுநர் நீங்கினால், வலைக்கு முன் நிற்பவன் தனிமரமாவான்.

நான்காவது காரணத்தைக் கணித மாணவர் நன்கறிவர். பிரான்சிஸ் கால்ற்றன் என்னும் ஆங்கில அறிஞர் பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் உயரங்களை அளந்து 1886இல் ஓர் உண்மையை வெளியிட்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் பொதுவாக உயரமாயிருப்பினும், தம் பெற்றோரளவு உயர்வதில்லை. சராசரியை நோக்கிச் சற்றே திரும்புகின்றனர். விளையாட்டிலும் இஃதே நியதி. ஒரு பருவத்தில் நூற்றுக்கணக்கான முன்வரிசையாளருள் முதலிடம் பெறுபவனிடம் திறமையும் இருக்கும். அவ்வாண்டுக்குரிய நற்பேறும் இருக்கும். கம்பத்திற் பட்ட பந்து உள்ளே விழும். பின்வரிசையான் காலிற் பட்டுத் திசைமாறியது வலையைச் சேரும். மறுவருடம் திறமை அவனுடன் இருக்கும். நற்பேறு வேறொருவனிடம் சென்றிருக்கும். கோல்கள் பாதியாகக் குறைந்தால், பாதி மனிதனாக அவன் ஆகிவிட்டான் என்பது பொருளன்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இப்பட்டத்தை நாம் பெரும்பாலும் ஆராயாமலே சூட்டுகின்றோம். பிரான்சு நாட்டு யுஸ்த் பொந்தேன் 1958ஆம் ஆண்டு சுவீடனில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் 13 கோல்கள் போட்டார். கழகங்களின் கணக்கை அறியாதார் அவரையும் ஒரு கோடையின் வீரர் என்பர். அவரோ அதற்கு முன்னும் பின்னும் கோல்களைக் குவித்தவர். தம் நாட்டுக்காக ஆடிய 21 ஆட்டங்களில் 30 போட்டவர். காலெலும்பு இருமுறை முறிந்தமையால் 1962இல், இருபத்தெட்டு வயதில், விலகினார். முறிந்தது கால், நாம் குறைவுடையதெனக் கூறுவது திறமையை. 2022 வரை நடந்த எந்த உலகக் கிண்ணப் போட்டியிலும் அப்பதின்மூன்றை வேறொருவர் எட்டவில்லை.

நீடித்து நிற்பதே பெருமை, ஆண்டுதோறும் குறையாது ஆடுபவனே உண்மை வீரன் என்று ஒருசாரார் கூறுவர். அதை மறுக்க யான் முற்படேன். பதினைந்து பருவம் ஆடுபவனிடம் உடலடக்கமும் மனவடக்கமும் வேண்டும், அவன் பெரியவனே. ஆனால், பெரியவனைப் போற்றுவதற்கு மற்றவனைத் தூற்றுதல் எதற்கு? தொழின்முறை ஆட்டத்தினுள் நுழையக் கனவு காணுஞ் சிறுவர் உலகெங்கும் கோடிக்கணக்கானோர். அவருட் கழகமொன்றின் சட்டையை அணிவோர் மிகச் சிலர். அச்சிலருள்ளும் ஒரு பருவமேனும் முன்னிற்போர் விரல்விட்டு எண்ணத்தக்கோர். அத்துணை உயரம் ஏறியவனை நோக்கி, அங்கே ஏன் குடியிருக்கவில்லை என்று கேட்பவர் யார்? மலையடிவாரத்தில் நிற்கும் நாமன்றோ?

இனி, முற்கூறிய வினாவுக்கு வருகின்றேன். யான் இக்கல்லூரியிற் பயின்ற காலத்தில் எம் முதற் பதினொருவருள் இடப்புற முன்வரிசையில் ஒரு மாணவன் ஆடினான். ஒரேயொரு பருவம். அவ்வாண்டு அவன் காலிற் பந்து சென்றால் எல்லைக்கோட்டருகே நின்ற ஆசிரியர்களும் தம் நிலைமறந்து கூவுவர். மறுவருடம் முழங்கால் வீங்கியது. ஓடினான், முடியவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் அவன் பந்தைத் தவறவிட்டபோது, "இவன் கதை ஓராண்டோடு முடிந்தது" என அவன் செவியில் விழும்படி ஒருவன் கூறினான். அவ்வொருவன் யானே. அடுத்த மாலை அவன் மைதானத்துக்கு வரவில்லை, பிறகும் வரவில்லை. போய் அழைக்கவேண்டுமென எங்களுள் எவருக்குந் தோன்றவில்லை. எத்தனையோ ஆண்டுகள் சென்றபின் பேருந்து நிலையமொன்றில் அவனைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. நெடுநேரம் பேசினோம். பிரியும்போது ஒன்று மட்டுங் கேட்டான்: "அந்த வருடத்து அணிப்படம் மண்டபத்தில் இன்னும் இருக்கிறதா?"

அக்கேள்விக்கு யான் சொன்ன விடை "பார்த்துச் சொல்கிறேன்" என்பது. இம்மலருக்கு எழுதுமாறு பணிக்கப்பட்டபோது முதலில் நினைவுக்கு வந்ததும் அதுவே. சென்று பார்த்தேன், படம் இருக்கின்றது. கண்ணாடியில் தூசி படிந்திருந்தது, துடைத்தேன்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கும் இந்நாள் மாணவருக்கும் பழைய மாணவன் என்ற உரிமையோடு மூன்று வேண்டுகோள்கள் விடுக்கின்றேன். ஒரு மாணவன் ஒளிவீசும் ஆண்டில் அவனுக்குப் பாடங்களில் விலக்களிக்காதீர். கால் ஓயும் நாளில் கைகொடுக்கப் போவது அப்பாடங்களே. அவன் மங்கும் ஆண்டில் ஒரு சொல்லுமின்றி அவனை அணியினின்றும் நீக்காதீர். இளையோரைப் பயிற்றும் பொறுப்பையோ, கோட்டு நடுவர் கொடியையோ அவன் கையிற் கொடுத்து மைதானத்திலேயே வைத்திருங்கள். விழா நாளில் அணித்தலைவர் பெயர்களை வாசிக்கும்போது, ஒருமுறை மட்டும் ஆடியோர் பெயர்களையும் வாசியுங்கள்.

நம் வீட்டு வளவில் நிற்கும் வாழை ஒருமுறையே குலை தள்ளும். மாதக்கணக்காக இலைவிட்டு, நீருண்டு, காற்றைத் தாங்கி, ஒரு குலையை ஈன்று அது முடிகின்றது. மறுமுறை காய்க்கவில்லையென்று அதனைப் பழிக்கும் வீட்டாரை யான் கண்டதில்லை. அதன் அடியிற் கிளைத்த குட்டிக்கு நீர் பாய்ச்சுவதையே கண்டிருக்கின்றேன்.