குளிரறைக்குள் எரியும் அடுப்பு

வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் விடியற்காலையில் நிற்பவருக்கு மாநில எல்லை எங்கே ஓடுகிறது என்பது விளங்காது. கோயம்புத்தூர்ப் பக்கத்து மூட்டையும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து மூட்டையும் ஒரே தராசில் ஏறுகின்றன. பேச்சும் தமிழும் மலையாளமும் கலந்தே நடக்கிறது. அன்று விற்றது போக மிஞ்சிய சரக்கைக் காப்பாற்றச் சிறு குளிரறை ஒன்று வேண்டும் என்று கடன் கேட்டு வரும் வணிகர்களையும், பால்பொருள் கடை வைக்க விரும்புவோரையும் இந்த எல்லையோரக் கிளைகளில் பணிபுரியும் நாம் அடிக்கடி சந்திக்கிறோம். அவர்களுக்குக் கடன் வழங்கும்போது நாம் கேட்கத் தவறும் ஒரு கேள்வியைப் பற்றியதே இக்கட்டுரை.

வாடிக்கையாளர் ஒருவரின் தவணை இரண்டு மாதங்கள் தவறியது. கடையில் வியாபாரம் குறையவில்லை, சரக்கும் அழுகவில்லை. வரவு செலவைப் புரட்டியபோது, திட்ட அறிக்கையில் நாம் ஒப்புக்கொண்ட தொகையைக் காட்டிலும் மின்கட்டணம் வெகுவாக மிகுந்திருப்பது தெரிந்தது. நேரில் சென்று பார்த்தோம். கம்ப்ரெசர் நின்றிருந்த வேளையிலும் அறைக்குள் இரண்டு விசிறிகள் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தன. முன்புறக் கண்ணாடிக் கதவின் சட்டத்தைத் தொட்டால் இளஞ்சூடு. "எல்லா இடத்திலும் இப்படித்தான் சார்" என்றார் மெக்கானிக். கடன் மனுவைப் பரிசீலித்தபோது கம்ப்ரெசரின் குதிரைத்திறனைக் கேட்டோம், சுவர்ப் பலகையின் கனத்தைக் கேட்டோம். விசிறியையும் ஹீட்டரையும் பற்றி ஒரு வரிகூடக் கேட்கவில்லை. அந்தப் பிழை நம்முடையது.

குளிரறைக்குள் ஓடும் விசிறி உண்ணும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. 100 வாட் விசிறி ஒன்று, அறைக்குள் ஏற்றிவைத்த 100 வாட் அடுப்புக்குச் சமம். அந்த வெப்பத்தை வெளியேற்றக் கம்ப்ரெசர் மீண்டும் மின்சாரம் செலவிட வேண்டும். ஆகவே ஒரு விசிறிக்கு இருமுறை கட்டணம் செலுத்துகிறோம். பழைய வகை 'ஷேடட் போல்' மோட்டாரில், வாங்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே வேலையாகிறது. 'இ.சி.' எனப்படும் மின்னணு மோட்டாரில் அது 60 விழுக்காட்டுக்கு மேல்.

கணக்கு நமக்குப் பழக்கமான தொழில், போட்டுப் பார்ப்போம். 100 வாட் விசிறிகள் இரண்டு, ஆண்டின் 8,760 மணி நேரமும் ஓடினால் 1,752 யூனிட். அந்த வெப்பத்தை அகற்ற அதில் பாதி என்று கொண்டால் மேலும் 876. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுச் செலவு 21,000 ரூபாயைத் தாண்டுகிறது. கம்ப்ரெசர் நிற்கும் நேரத்தில் விசிறியைப் பாதி வேகத்துக்குக் குறைக்கும் கண்ட்ரோலர் ஒன்றைப் பொருத்துவோம். வேகம் பாதியானால் மின்தேவை ஏட்டுக் கணக்கில் எட்டில் ஒன்றாகிறது. நடைமுறையில் கால் பங்கு என்றே கொள்வோம். நாளில் பாதி நேரம் அவ்வாறு ஓடினாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 யூனிட், அதாவது 8,000 ரூபாய் மிஞ்சும். சிறு கடைக்காரருக்கு இது அற்பத் தொகையன்று.

இனி ஹீட்டர். கண்ணாடிக் கதவில் நீர் முத்துக்கள் படியாதிருக்க அதன் சட்டத்துக்குள் சூட்டுக் கம்பி ஓடுகிறது. கண்ணாடியின் வெப்பநிலை வெளிக்காற்றின் பனிநிலைக்குக் கீழே இறங்கும்போதுதான் அதற்கு வேலை. பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் வாழும் நமக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்றில் துணி உலராது. மார்கழி தையில் கிழக்கிலிருந்து வீசும் காற்றில் உதடு வெடிக்கும். இரண்டு பருவத்துக்கும் ஒரே அளவில் எரியும் ஹீட்டர், கோடையிலும் குடை பிடிப்பவரைப் போன்றது. காற்றின் ஈரப்பதத்தை அளந்து ஹீட்டரை விட்டுவிட்டு இயக்கும் கருவிக்கு நம் ஊரைவிடப் பொருத்தமான இடம் அரிது என்பதே நம் எண்ணம்.

பனியுருக்கும் ஹீட்டரின் கதை வேறு. −18 டிகிரியில் ஐஸ்கிரீம் வைக்கும் அறைக்கு அது இன்றியமையாதது. ஆனால் பனி படிந்ததா இல்லையா என்று பாராமல், கடிகாரம் சொன்னபடியே நாளுக்கு நான்கு முறை அதை எரிப்பது வீண். 13 டிகிரி அளவில் வாழைக்காய் வைக்கும் அறையில் பனி படிவதே அபூர்வம். அங்கும் அந்த ஹீட்டர் பொருத்தி விற்கப்படுகிறதென்றால், வாங்குபவர் காரணம் கேட்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிக்கனம் என்று எண்ணி விசிறியின் சுவிட்சைக் கையால் அணைப்பவர்களையும் பார்த்திருக்கிறோம். கம்ப்ரெசர் ஓடும்போது விசிறி நின்றால் குளிர்சுருள் பனிக்கட்டியாகும். ஆவியாகாத திரவம் கம்ப்ரெசருக்கே திரும்பிச் சென்று அதைக் கெடுக்கும். மிச்சப்பட்ட மின்கட்டணத்தைப்போல் பன்மடங்கு பழுதுபார்ப்பில் போய்விடும். காய்கறியும் மூச்சுவிடும் பொருள். காற்றோட்டம் அடியோடு நின்றால் மூட்டையின் நடுவில் சூடு தங்கும். ஆகவே இது தானியங்கிக் கருவியிடமும் தேர்ந்த மெக்கானிக்கிடமும் விட வேண்டிய வேலை.

இவ்வளவு எளிய செய்தி ஏன் பரவவில்லை? குளிரறை அமைத்துத் தருபவர் மின்கட்டணம் கட்டுவதில்லை. வாங்குபவர் மூன்று விலைப்புள்ளிகளில் குறைந்ததைத் தேர்கிறார். அதைத்தான் நாமும் பாராட்டுகிறோம்! அமெரிக்காவில் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2009 முதல் தயாரிக்கப்படும் குளிரறைகளின் சிறு உள்விசிறிகளுக்கு இ.சி. மோட்டாரோ மும்முனை மோட்டாரோ கட்டாயமாயிற்று. கண்ணாடிக் கதவு ஹீட்டரின் திறன் ஒரு வரம்பைக் கடந்தால், ஈரப்பதத்துக்கேற்ப அதைக் குறைக்கும் கட்டுப்பாடும் வேண்டும். நம் நாட்டில் டீப் ஃப்ரீசர்களுக்கான நட்சத்திரக் குறியீடு 2020-இல் தொடங்கியது. பலகைகளைக் கொணர்ந்து தளத்திலேயே பூட்டும் குளிரறையின்மேல் அப்படியொரு வில்லை இருப்பதில்லை. ஆகவே கேட்கும் பொறுப்பு வாங்குபவரையும் கடன் தருபவரையும் சேர்கிறது.

2020-இல் தொடங்கப்பெற்ற வேளாண் உள்கட்டமைப்பு நிதித் திட்டத்தில், தகுதியுள்ள விவசாயிகளும் உற்பத்தியாளர் நிறுவனங்களும் வேளாண் தொழில்முனைவோரும் குளிர்பதனக் கிடங்குக்குப் பெறும் கடனில் 2 கோடி ரூபாய் வரை, ஏழாண்டுகளுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை கிடைக்கிறது. வட்டியில் அந்த 3 விழுக்காட்டுக்காகப் பலமுறை கிளைக்கு நடக்கும் வாடிக்கையாளர், அறைக்குள் ஓயாமல் கரையும் பணத்தை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம் அல்லவா? குளிர்பதனக் கடனுக்கான ஒவ்வொரு விலைப்புள்ளியிலும் விசிறி மோட்டாரின் வகை, அதன் வாட், ஹீட்டர்களின் வாட், அவற்றை இயக்கும் கட்டுப்பாடு, எதிர்பார்க்கும் ஆண்டு மின்செலவு ஆகியவை எழுதப்பட வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். அவை இல்லாத விலைப்புள்ளியை நம் அதிகாரிகள் திருப்பி அனுப்பலாம். வாடிக்கையாளர் அதைத் தாமதம் என்று கருத வேண்டியதில்லை.

முன்சொன்ன கடையில் முதலில் கதவு ஹீட்டருக்குக் கண்ட்ரோலர் பொருத்தினார்கள். கிழக்குக் காற்று வீசிய ஒரு பகல்வேளையில் மறுபடி சென்றபோது அதே சட்டத்தைத் தொட்டுப் பார்த்தோம். சூடில்லை, கண்ணாடியிலும் ஒரு துளி நீரில்லை. விசிறிகளை மாற்றுவதற்கான விலைப்புள்ளி இப்போது நம் மேசையில் இருக்கிறது. அதில் மோட்டாரின் வகை எழுதப்பட்டிருக்கிறது.