கடலைப் பாடுகிறவர்களும் கேட்கத் தெரியாதவர்களும்

2017 ஜனவரியில் வெளிவந்த ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ பற்றி நம் வட்டத்தில் பேசாதவர் இல்லை. கேட்டவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். பேசியவர்கள் எல்லோரும் அதன் ‘கருத்தை’ மெச்சினார்கள். எண்ணூர்க் கழிமுகம், அனல்மின் நிலையத்துச் சாம்பல், கர்நாடக சங்கீதக்காரர் ஒருவர் சபையை விட்டிறங்கி வந்த துணிச்சல் எல்லாம் வந்தாயிற்று. பாட்டு எங்கே? ஒரு துண்டுப் பிரசுரத்தைப் பாராட்டும் வார்த்தைகளை ஒரு ராகமாலிகைக்குச் சூட்டிவிட்டு, கலைக்கும் சமூகத்துக்கும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போனார்கள்.

எதிர்த் தரப்பு இதைவிட மோசம் என்பதில் சந்தேகமில்லை. செம்மங்குடியின் சீடர் மெட்ராஸ் பாஷையில் பாடலாமா என்று அங்கலாய்த்தார்கள். 2024இல் டி. எம். கிருஷ்ணாவுக்கு ‘சங்கீத கலாநிதி’ அறிவிக்கப்பட்டபோது அகாடமி விழாவிலிருந்து சில வித்வான்கள் விலகிக்கொண்டதும், பத்திரிகைகள் அதை வைத்துப் பல மாதம் பிழைத்ததும் தெரிந்த கதை. அந்தக் களேபரத்திலும் சங்கீதம் பேசப்படவில்லை. ஆனால் சபாக்காரர்களோடு எனக்கு வழக்கில்லை. அவர்கள் நம் பத்திரிகையைப் படிப்பதில்லை. வழக்கு நம்மவர்களோடுதான்.

பாட்டில் என்ன நடக்கிறது? கபேர் வாசுகி எழுதிய வரிகளுக்கு ஆர். கே. ஸ்ரீராம்குமார் ஆறு ராகங்களைக் கட்டியிருக்கிறார்: ஆனந்தபைரவி, பேகடா, ஹமீர்கல்யாணி, தேவகாந்தாரி, ஸாலகபைரவி, சிந்துபைரவி. இது எவ்வளவு சிக்கலான காரியம் என்று யாராவது யோசித்ததுண்டா? தியாகய்யரின் தெலுங்கில் சொல்லுக்குச் சொல் உயிரெழுத்தில் முடிகிறது. கமகம் உட்கார அங்கே திண்ணை போட்டு வைத்திருக்கிறது. சென்னைப் பேச்சு நேர்மாறு. உயிரை விழுங்கும், மெய்யை இரட்டிக்கும், வாக்கியத்தைப் பாதியில் வெட்டும். சியாமா சாஸ்திரி காமாட்சியிடம் முறையிட்ட ஆனந்தபைரவி, இழுக்க இடமில்லாத இந்தச் சொற்களின் மேல் எப்படி நிற்கும்? நிற்கிறது. கிருஷ்ணா பேச்சை மெழுகவில்லை, ராகத்தையும் நீர்க்கவிடவில்லை. கானாக்காரர்போலப் பாவனை செய்யவும் இல்லை. பேகடாவின் மத்யமத்தை எப்படிப் பிடிக்க வேண்டுமோ அப்படியேதான் பிடிக்கிறார். இரண்டும் ஒன்றையொன்று உரசுகின்றன. அந்த உரசலில்தான் ‘புறம்போக்கு’ என்ற சொல் வேறு சொல்லாகிறது.

சொல்லின் சரித்திரம் சின்னது. தீர்வை போடாமல் ஒதுக்கப்பட்ட, தனி ஆளுக்குப் பட்டா இல்லாத நிலம். மேய்ச்சல், நீர்நிலை, நத்தம், கடற்கரை எல்லாம் அதில் அடக்கம். யாருக்கும் சொந்தமில்லை என்பது எல்லோருக்கும் உரியது என்பதன் மறுபக்கம். அது எப்படி வசவாயிற்று என்பதைப் பாட்டு விளக்குகிறது. ஆனால் விளக்கம் ஒரு கட்டுரையிலும் கிடைக்கும். தாலுகா ஆபீஸ் சொல்லும் தெருவின் வசவுமான ஒன்று, கீர்த்தனைச் சொல்லுக்கு உரிய மரியாதையோடு உச்சரிக்கப்படுவது கட்டுரையில் கிடைக்காது. இதைத்தான் உருவம் என்கிறோம். உருவமும் உள்ளடக்கமும் பற்றி எத்தனை இதழ் மை தீர்த்திருக்கிறோம்! கண்ணெதிரே ஓர் உதாரணம் வந்தால் மட்டும் அடையாளம் தெரிவதில்லை.

கடலைப் பாடுவதில் வேறு வழியும் உண்டு. பயிற்சி பெற்ற ஸொப்ரானோ குரலுக்குப் பேர்போனவர் ஸாரா ப்ரைட்மன். 1986இல் லண்டனில் ‘ஓப்ராவின் பூதம்’ நாடகத்தின் கதாநாயகியாகப் பாடியவர். 1993இல் ‘டைவ்’ என்று முழுக்கக் கடலை வைத்து ஒரு பாப் ஆல்பம் போட்டார். தயாரித்தவர் ஃப்ராங்க் பீட்டர்ஸன். காப்டன் நீமோ வருகிறார், ப்ரோகல் ஹாரம் குழுவின் பழைய மாலுமிப் பாட்டு வருகிறது, ஆழம் வருகிறது, நீலம் வருகிறது. குரல் சுத்தம், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கடலில் மீன் கிடையாது, வலை கிடையாது, நாற்றம் கிடையாது. 1995இல் அடுத்த ஆல்பம் ‘ஃப்ளை’, ஆகாயம். 2000இல் ‘லா லூனா’, நிலா. 2013இல் விண்வெளி. கடல் ஓர் உடுப்பு. ஒரு பருவத்துக்கு அணிந்து கழற்றிவிட்டார். இது குற்றமல்ல, வியாபாரம். நம் சினிமாவில்கூட ‘படகோட்டி’யில் (1964) டி. எம். சௌந்தரராஜனின் குரல் கொஞ்சமாவது நனைந்திருந்தது. எம்.ஜி.ஆருக்காகப் பாடப்பட்டதுதான் என்றாலும், கடலுக்குப் போகிறவன் திரும்பாமல் போகலாம் என்ற பயம் அதில் இருந்தது.

இந்தப் பிரச்னை இளங்கோவுக்குத் தெரிந்திருந்தது. ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறியவள் மாதவி. சாஸ்திரப் பயிற்சி என்றால் அது பயிற்சி. அவள் புகார்க் கடற்கரையில் யாழெடுத்துப் பாடுவது வரிப்பாட்டு. பரதவப் பெண்ணின் குரலில், நெய்தலின் இரக்கத்தில். கானல்வரி நம்முடைய முதல் கடல் ஆல்பம் என்று சொன்னால் பண்டிதர்கள் கோபித்துக்கொள்ளட்டும். அங்கே நடந்தது என்ன? கோவலன் முதலில் ஒரு தலைவனாக நின்று பாடினான். அதே பாணியில் மாதவி பதில் பாடினாள். அவன் பாட்டைக் கேட்கவில்லை, கருத்தைக் கேட்டான். இவள் மனம் வேறொருவனிடம் இருக்கிறது என்று முடிவு கட்டி எழுந்து போனான். தமிழின் முதல் உள்ளடக்க விமர்சகன் அவன்தான். அந்தத் தவற்றுக்கு மதுரை எரிந்தது. அவன் வாரிசுகள் இன்று கருத்தரங்குகளில் தலைமை வகிக்கிறார்கள்.

கிருஷ்ணாவிடம் எனக்குக் குறை இல்லாமலில்லை. எண்ணூரின் பாட்டில் எண்ணூர்க்காரன் குரல் இல்லை. பாடுவது ஒரே குரல், அது அவருடையது. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்து விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவர், மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ எழுதியவர், இதை அறியாதவரல்ல. காட்டுக்குப்பத்தில் இறால் பிடிப்பவர் ஒருவர் அந்த ராகமாலிகையின் நடுவே ஒரு வரி பாடியிருந்தால் ஸ்ருதி கலைந்திருக்கலாம். கலைந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மாதவியின் கரையிலும் பரதவர் பாட்டுக்குள் மட்டுமே இருந்தார்கள்.

ஆனால் இந்தக் குறையைச் சொல்ல நமக்கு யோக்யதை உண்டா? ‘எழுத்து’ 1959இல் தொடங்கியது முதல் புதுக்கவிதையில் எத்தனை கடல்கள்! முடிவின்மை ஒரு கடல், தனிமை ஒரு கடல், ஆழ்மனம் ஒரு கடல், காமமும் ஒரு கடல். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வாடகை வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதிய கடல்கள். ப்ரைட்மன் கடலுக்கும் இவற்றுக்கும் வித்தியாசம், அவருக்கு நல்ல குரல் இருக்கிறது.

கடலிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் நமக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல முடியாது. பூண்டியில் 1944 முதல் தேக்கிக் குடிக்கிற கொசஸ்தலையாற்றின் மிச்சம்தான் எண்ணூரில் கடலைத் தொடுகிறது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர், கொரட்டூர் நிரம்பினால் மாதவரம். இந்தச் சங்கிலியை அறுத்தோம். 2015 டிசம்பரில் தண்ணீர் பழைய விலாசம் தேடி வீட்டுக்குள் வந்தது. தொழிற்பேட்டைக் கழிவு கொரட்டூர் ஏரியில் கலப்பது பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்காகப் போனது. முகப்பேரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் பெயரே ‘ஏரித் திட்டம்’. ஏரியைத் தூர்த்து, அதன் பெயரைத் தபால் விலாசத்தில் வைத்துக்கொண்டோம். இதைவிட உக்கிரமான படிமம் நம் கவிஞர் யாருக்கும் தோன்றவில்லை. வாரியத்துக்குத் தோன்றியிருக்கிறது! நீர்நிலைப் புறம்போக்கின் மேல் குடியிருந்துகொண்டு, அம்பத்தூர் ஓ.டி. பஸ்ஸில் காலை மிதித்தவனைப் ‘புறம்போக்கு’ என்று திட்டுகிறோம். ராத்திரி வந்து கடலைப் பற்றி எழுதுகிறோம்.

பாட்டு வெளிவந்த அதே மாதம் 28ஆம் தேதி எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் ஆயிற்று. ஜனங்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மணலிச் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் கழிமுகத்துக்குள் புகுந்து படகிலும் வலையிலும் அப்பியது. பாட்டு எதையும் தடுக்கவில்லை என்று சிலர் கைகொட்டினார்கள். தடுப்பது பாட்டின் வேலை என்று யார் சொன்னது? நம்மவர்கள்தான், பாராட்டும்போது. கருத்துக்காகத் தூக்கிவைத்தவனே கருத்து பலிக்கவில்லை என்று கீழே போடுகிறான். ஆனந்தபைரவி இரண்டுக்கும் நடுவில் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

அடுத்த கூட்டத்தில் அதைப் போட்டுக் கேட்கலாம் என்பது என் யோசனை. தலைமையுரை, வாழ்த்துரை எதுவும் வேண்டாம். ஒன்பதோ பத்தோ பேர்தான் வருவோம், ஒரு ஒலிபெருக்கி போதும். கேட்டு முடித்ததும், பேகடா எங்கே விட்டது, ஹமீர்கல்யாணி எந்தச் சொல்லில் பிடித்தது என்று சொல்லக்கூடியவர் முதலில் வாய் திறக்கட்டும். மற்றவர்கள் இன்னொரு தடவை கேட்கட்டும்.