சிறைக்குள் பாயும் சட்டம்

'வாலிபர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது.' மாவட்டச் செய்திகளில் அடிக்கடி காணும் வரி இது. எஸ்.பி. பரிந்துரைத்தார், கலெக்டர் உத்தரவிட்டார், நகல் சிறையில் சார்வு செய்யப்பட்டது என்று செய்தி முடிந்துவிடும். அந்தக் கடைசி விவரம்தான் முக்கியம். ஆள் ஏற்கெனவே சிறையில் இருக்கிறார். பிறகு சட்டம் எதன் மீது பாய்கிறது? அவருக்குக் கிடைக்கக்கூடிய ஜாமீன் மீது.

குண்டர் சட்டம் எனப்படும் தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆம் சட்டம் கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, குண்டர் என்று சிலரைக் குறிவைத்துப் பிறந்தது. 2004-இல் திருட்டு விசிடி விற்பவர் சேர்ந்தார். 2014-இல் மணல் கொள்ளையரும் இணையக் குற்றவாளியும் பாலியல் குற்றவாளியும் வந்தார்கள். விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். காவலைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞரை நிறுத்தும் உரிமை கிடையாது. குடும்பத்தார் சென்னைக்கோ மதுரைக்கோ அலைந்து ஆட்கொணர்வு மனு போடுவார்கள். கொடுத்த நகலில் ஒரு பக்கம் படிக்க முடியவில்லை, தமிழாக்கம் தரவில்லை, அடைக்கப்பட்டவர் அரசுக்கு அனுப்பிய மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் என்று ஏதோ ஒரு காரணத்தால் உத்தரவு ரத்தாகும். அதற்குள் பல மாதங்கள் போயிருக்கும். குற்றம் நடந்ததா என்பதை மட்டும் இந்தச் சுற்றில் யாரும் விசாரிப்பதில்லை.

சென்னையில் காலாவதி மருந்து விற்றதாகப் பிடிபட்ட ஒருவரின் தடுப்புக் காவலை 2011-இல், ரேகா வழக்கில், உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கமான சட்டமே போதும் என்னும்போது தடுப்புக் காவல் சட்டவிரோதம் என்றது தீர்ப்பு. அதன் பிறகும் பழக்கம் மாறவில்லை.

போலீஸ் தரப்பிலும் நியாயம் உண்டு. ரவுடி ஜாமீனில் வந்தால் சாட்சி பிறழ்கிறார், தெருவே பயப்படுகிறது. ஆனால் சாட்சிகளைப் பாதுகாக்கும் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018-லேயே ஒப்புதல் தந்திருக்கிறது. புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் தனித்தனியே பிரிக்கும்படி பிரகாஷ் சிங் வழக்கில் சொன்னது 2006-இல். பந்தோபஸ்துக்கும் வழக்குக் கட்டுக்கும் நடுவே ஓடும் இன்ஸ்பெக்டருக்குத் துப்புத் துலக்க நேரம் எங்கே? குண்டாஸ் போடுவது அவருக்குச் சுலபம்.

தண்டனை கடுமையாக இருப்பதைவிட நிச்சயமாகக் கிடைப்பதுதான் குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியரான பெக்காரியா 1764-இல் எழுதினார். குற்றவியல் மாணவர்கள் முதலில் படிக்கும் பாடங்களில் அது ஒன்று. நம் குண்டர் சட்டம் அதற்கு நேர்மாறு: அடைப்பது நிச்சயம், தண்டனைதான் சந்தேகம். மூன்று, நான்கு ஆண்டுகள் இழுக்கிற வழக்கில் சாட்சிகள் மறந்துபோக, பழைய ஆளே தெருவுக்குத் திரும்புகிறார், முன்பைவிடப் பெரிய பெயரோடு.

இந்தச் சட்டத்தை நீக்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. அதுவரை, ஏற்கெனவே சிறையில் இருப்பவர்கள் மீது இதைப் போடுவதையாவது அரசு நிறுத்தட்டும். ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் மூன்று எண்களை வைக்கட்டும்: அடைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், ரத்தான உத்தரவுகள் எத்தனை, அடைக்கக் காரணமான மூல வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள் எத்தனை பேர்.