அருமையும் பெறுமதியும்

பொருளின் அருமை வேறு. அதன் பயன் வேறு. இணையவழி ஏலங்களில் விலை பெரும்பாலும் அருமையையே பற்றி நிற்கின்றது. துண்டுகளை ஒட்டிக் கப்பலாகவோ விமானமாகவோ அமைக்கும் மாதிரிப் பெட்டிகளைப் பாருங்கள். உற்பத்தி நின்றால் விலை ஏறும். ஏர்பிக்ஸ் போன்ற நிறுவனத்தார் பழைய வார்ப்பில் மீண்டும் வார்த்தால் இறங்கும். பொருளோ மாறுவதில்லை.

பழந்தமிழ் நூல்களும் அவ்வேலங்களுக்கு வருகின்றன. பருத்தித்துறைக் கலாநிதி யந்திரசாலையின் நூலொன்று அங்கே வருமாயின், இருவர் போட்டியிட்டால் ஆசிரியர் ஒருவருக்கு எட்டாத விலையாகும். ஒருவரே கேட்டால் அடிவிலைக்கே போகும்.

நம் நூல்களின் அருமைக்குத் துயரமான காரணமும் உண்டு. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்பால் ஏறிய விலையை நூலின் பெருமையெனக் கொள்ளுதல் தகுமோ?

சேகரிப்போர் பேணியதனாலன்றோ சில நூல்கள் தப்பின என்பாருமுளர். அது மெய்யே. ஆயினும் பேழைக்குள் பூட்டிய நூல் கற்பார்க்கு உதவாது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியதனாலேயே, சுவடி வைத்திருந்த சிலருக்கு உரியதாயிருந்த அந்நூல் பலருக்கும் உரியதாயிற்று. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் அப்பணியை மின்வடிவிற் செய்துவருகின்றது.

எனவே அரிய நூலுடையோர் அதனை விற்பினும் விற்க. விற்குமுன் மின்படி எடுக்க இசைக. அதனால் விலை சிறிது தாழினும் தாழ்க. கற்பார் தொகை பெருகும்.